பெயர் தெரியாவிட்டாலும் ஆள் அங்கேதான் இருக்கிறார்

தானியங்கிக் கார்களின் லைடாருக்கு அடையாளம் காணக் கற்றுத்தரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். லேசர் ஒளி பட்டுத் திரும்பும் புள்ளிகளால் ஆன லைடார் படங்களை நீங்கள் அனுப்புகிறீர்கள்; அவற்றில் ஒவ்வொரு பொருளையும் சுற்றிப் பெட்டி போட்டு, அது என்னவென்று லேபிள் கொடுப்பது என் வேலை. பக்கத்தில் நிற்கும் ஆள் தலை, தோள், கால் என்று புள்ளிகளில் தெளிவாகத் தெரிவார். எழுபது மீட்டர் தள்ளி நின்றாலோ, பத்துப் புள்ளி தேறினால் பெரிது. அதை மட்டும் வைத்து ஆளா, கம்பமா என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தின ஃபிரேம், அடுத்த ஃபிரேம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பேன். புள்ளிகள் மெல்ல நகர்ந்தால், சரி, யாரோ நடக்கிறார் என்று புரியும்.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் இதைச் செய்யத் தவறியது. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். இருட்டைக் குறை சொல்ல வழியில்லை; லைடார் தன் ஒளியைத் தானே அனுப்பிப் பார்ப்பது. மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது, அடுத்து லைடாரும் கண்டது. ஆனால் வாகனம், ஏதோ ஒன்று, சைக்கிள் என்று கணினி லேபிளை மாற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அவர் அதுவரை நடந்துவந்த தடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கையில் இது இருக்கிறது. பாதசாரிக் கடவைக்கு வெளியே ஒருவர் நடந்து கடக்கலாம் என்பதையே அந்த மென்பொருள் எண்ணிப்பார்க்கவில்லை என்றும் இருக்கிறது. கண்காணிக்க வேண்டிய ஓட்டுநரின் தவறும் உண்டுதான். ஆனாலும், கண்ட பிறகும் அவரை விட்டுவிட்டார்களே என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

லேபிள் மாறினாலும் பழைய தடம் கணக்கில் இருக்கும்படி அந்நிறுவனம் அப்புறம் மென்பொருளைத் திருத்தியது. நல்லது. ஆனால் இத்தகைய மென்பொருளுக்கு நாம் மதிப்பெண் போடும் முறை?

இத்தகைய மென்பொருளைப் பழக்கவும் ஒப்பிடவும் 2012இல் வந்த கிட்டி (KITTI) தரவுத்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பகுதியில் பகல் வெளிச்சத்தில் பதிவானது. உங்களில் பலர் அதில்தான் கைபழகியிருப்பீர்கள். அதை வைத்து நடக்கும் முப்பரிமாணக் கண்டறிதல் போட்டியில் மூன்றே வகை: கார், நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் இதில் யார்? மிகத் தொலைவில் இருப்பவை போன்றவற்றுக்கு 'டோன்ட் கேர்' (பொருட்படுத்த வேண்டாம்) என்றே ஒரு லேபிள் உண்டு. அதற்குள் அடங்குவது மதிப்பெண்ணில் சேராது. போட்டிக்கு அது தேவைதான். அதே பழக்கம் சாலைக்கு வந்துவிடக் கூடாது.

என்னவென்று தெரியாமல் நகரும் பொருளைத் தவறவிட்டால் அதற்கும் மதிப்பெண்ணைக் குறையுங்கள். சைக்கிள், தள்ளுவண்டி, சக்கர நாற்காலி எதைத் தள்ளிக்கொண்டு போனாலும் தள்ளுகிற ஆளுக்குத் தனி லேபிள் கொடுங்கள். 'என்னவென்று தெரியவில்லை, ஆனால் நகர்கிறது' என்று நாங்கள் குறித்து அனுப்ப எங்கள் விதிமுறைத் தாளில் ஒரு வரி சேருங்கள். இப்போது அப்படி ஒரு வரி இல்லாததால், பத்துப் புள்ளி மட்டும் தேறும் சிலவற்றை, நகர்வது தெரிந்தும் பெட்டி போடாமலே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பெட்டி போடும் ஒருத்தி