கோலம் போட்ட கையோடு

தெப்பக்குளம், மதுரை

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் கிடைத்தது. ஹெச்பிஏ1சி, அதான் அந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக் கணக்கு, 6.2 என்று படித்ததும் நெஞ்சு திக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நேரத்தோடு தெரிந்ததே நல்லது என்று பட்டது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு என்றுதான் கணக்கு, 6.5-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய். நீ இன்னும் இந்தப் பக்கம்தான் நிற்கிறாய்.

ரிப்போர்ட்டைவிட நீ போட்டிருக்கும் திட்டம்தான் எனக்கு அதிகக் கவலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேர நடை, சாயங்காலம் ஜிம், மூன்று வேளையும் சோறு கிடையாது, தை மாதம் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்குள் 12 கிலோ குறைக்க வேண்டும். போதாததற்கு, 'எனக்கு மனஉறுதி கிடையாது, நீதான் போன் போட்டுத் திட்ட வேண்டும்' என்று வேறு எழுதியிருக்கிறாய். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த அத்தனை வருஷமும் முகம் சுளிக்காமல் பார்த்தவள் நீ. உனக்கு மனஉறுதி இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திட்டவும் மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள். கிலோவை எண்ணாதே. இன்றைக்குக் கிளம்பினாயா இல்லையா, அதை மட்டும் எண்ணு. முதல் மூன்று மாதத்துக்கு வேறு எந்தக் கணக்கும் உனக்கு வேண்டாம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க வருகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திருமலை நாயக்கர் 1645-ல் கட்டிய குளம் எத்தனை பெரிசு என்று உனக்குத் தெரியும். பக்கத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர், ஒரு சுற்று வந்தால் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். நீ கல்யாணமாகிப் போனபோது வறண்டுபோய், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த குளத்தில் இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது. அதனாலேயே காலையில் கூட்டம் ஜாஸ்தி. ஜனவரி பிறந்ததும் புது ஷூ, புது டி-ஷர்ட்டோடு நிறையப் பேர் வருவார்கள். முதல் வாரமே ஓட்டமும் நடையுமாக நாலைந்து சுற்று. சிவராத்திரி வருவதற்குள் பாதிப் பேரைக் காணோம். அப்படி நின்றுபோனவர்களைக் கடையிலோ கல்யாண வீட்டிலோ பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: 'ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூட இறங்கலை, அப்புறம் எதுக்கு?'

அந்த 'எதுக்கு'தான் ஆளைக் கெடுக்கிறது. நடை மட்டும் எடையை மளமளவென்று இறக்கிவிடாது. சாப்பாடும் சேர்ந்து மாற வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் எடை அசையாத அந்த ஒரு மாதத்திலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சொன்ன பேச்சையும் உடம்பு முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உன்னைப் போலவே எல்லையில் இருந்த 531 பேரைப் பல பிரிவாகப் பிரித்துப் பார்த்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எப்போதும்போல் இருக்க விட்ட பிரிவில், மூன்று வருஷக் கணக்கில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் கடைப்பிடித்த பிரிவில் அது 39 சதவீதம். அவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, ஜெயா. இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம்ம ஊர் உடம்பு, நம்ம ஊர்ச் சாப்பாடு, அதில் கிடைத்த பலன் இது. மெஷின் முள் நகராத மாதத்தில் நீ விட்டுவிட்டால், கைக்கு வந்துகொண்டிருப்பதை நீயே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

சரி, தினமும் கிளம்புவது எப்படி? எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார். வாசல் தெளித்து, சின்னதாக ஒரு புள்ளிக் கோலம் போட்டுவிட்டு, கோலமாவு டப்பாவைத் திண்ணை ஓரம் வைப்பார். டப்பாவுக்குப் பக்கத்திலேயே கேன்வாஸ் ஷூ இருக்கும். மாவுக் கையைத் தட்டிவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, ஷூவுக்குள் காலை விட்டாரென்றால் அப்படியே தெருவில் இறங்கிவிடுவார். உள்ளே போகவே மாட்டார். 'உள்ள போனா பாத்திரம் கூப்பிடும், பேப்பர் கூப்பிடும்' என்பார். போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடமே அவருக்குக் கிடையாது. உலை வைக்க மனசு வரட்டும் என்று நீ என்றைக்காவது காத்திருந்தது உண்டா? இதையும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து இதையே பார்த்தார்கள். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு புதுப் பழக்கத்தைக் கோத்துவிடச் சொன்னார்கள். அது தன்னால் நடக்கிற அளவுக்கு வர, நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்குக் கணக்குப்படி 254 நாள். ஆகவே 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, அதற்கு மறுநாள் சோம்பல் வந்ததும் 'நமக்குக் கொடுத்து வைக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடாதே. உங்கள் அபார்ட்மென்டில் கோலத்துக்கு வழியில்லை என்றால் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கிறாய் அல்லவா, அதோடு கோத்துவிடு.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலைந்துபோகவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சித்திரைத் திருவிழா வந்தால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மீனாட்சி கல்யாணம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று தூக்கமே ஒழுங்காக இருக்காது. தை மாதத் தெப்பத் திருவிழா அன்று எங்கள் குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை. அந்த நாட்களில் நடை நிற்கட்டும், ஒரு குற்றமும் இல்லை. 'எல்லாம் போச்சு, இனி ஆடி முடிஞ்சு பார்த்துக்கலாம்' என்று ஒரு பேச்சு வரும் பார், அதைத்தான் வாசலோடு அனுப்ப வேண்டும். விருந்தாளிகள் பஸ் ஏறிய மறுநாள் நீ கிளம்பிவிட்டால் கணக்கு நேர்.

முடியாத நாளுக்கென்று ஒரு குட்டி நடையை இப்போதே தீர்மானித்து வை. தெருமுனை வரை போய்வருவது, இல்லாவிட்டால் ராத்திரி சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் பத்து நிமிஷம். சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை சட்டென்று ஏறுவது மட்டுப்படும், அதனால் அது வீணில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் சேர்த்தி என்ற பழைய விதியையும் எடுத்துவிட்டார்கள். இங்கே குளத்தை இரண்டு சுற்று வந்தால் அரை மணி, வாரம் ஐந்து நாள், 150 ஆகிவிட்டது. பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. அந்த வேகம் போதும்.

அப்புறம், அந்த நாலரை மணி. நீ காரணம் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு உன் வீட்டுக்கார அண்ணனுக்குக் காபி, ஏழுக்குள் மகனுக்கு டிபன் பாக்ஸ். யாருக்கும் எதுவும் தட்டாமல், வீடு எழும்பும் முன்னால் ஓடிப்போய் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று பார்க்கிறாய். இது ஒளித்துச் செய்கிற காரியமாடி? தூக்கத்தை வெட்டி நடந்தால் சர்க்கரைக்கே அது ஆகாது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பு. அண்ணனிடம் நேராகவே சொல்: டிகாஷன் போட்டு வைத்திருக்கிறேன், பாலைக் காய்ச்சிக் கலந்துகொள்ளுங்கள் என்று. அவர் கோபித்துக்கொள்கிற ஆள் கிடையாது. நீ கேட்டதில்லை, அவர் செய்ததில்லை, அவ்வளவுதான். நம் வயசுப் பெண்கள் எல்லா வேலையும் முடிந்து மிச்சம் விழுகிற நேரத்தைத்தான் நம்முடையது என்று நினைத்துப் பழகிவிட்டோம். மிச்சம் விழுவதே இல்லை. இந்த முக்கால் மணி நேரம் உனக்கு முதலிலேயே எடுத்து வைத்தது என்று நீ நினைத்தால்தான் வீட்டிலும் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் எந்த ஷூ, எந்த ஜிம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஜிம்முக்கு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டாதே. வாரம் இரண்டு நாள், மூன்று மாதம் போய்ப் பார். எடை தூக்கக் கூச்சப்படாதே, மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாக வலுவிழக்கிறது, தசையும் வயசோடு கரைகிறது. நமக்குத்தான் அது அதிகம் தேவை. ஜிம் போக முடியாவிட்டால் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திரு, சுவரில் கை வைத்துத் தண்டால் எடு. ஆரம்பித்த அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த இரண்டு நாளில் தொடையெல்லாம் கடுக்கும். பழகாத தசை அப்படித்தான் வலிக்கும், தானாகவே போய்விடும், பயந்து நிறுத்தாதே. நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் உடனே நின்றுவிட்டு டாக்டரைப் பார். சோற்றையும் ஒரேயடியாகத் தள்ளாதே. பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் காய் வைத்துக்கொள். கல்யாண வீட்டுப் பந்தியில் பட்டினியாக உட்கார முடியுமா?

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சொட்டு மருந்து நேரத்தை எனக்கே ஞாபகப்படுத்துகிறாள். மகளுக்குப் பெங்களூரிலேயே வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆவணியில் வருவாள்.

போன கடிதத்தில் வலது முட்டி வலி என்று எழுதியிருந்தாய், இதில் அதைப் பற்றிப் பேச்சே காணோம். ஆரம்பிக்கும் முன்னால் அதை டாக்டரிடம் காட்டிவிடு. அவர் என்ன சொன்னார், நீ எதோடு கோக்கப் போகிறாய், அண்ணன் காபிக்கு என்ன சொன்னார், எல்லாவற்றையும் விவரமாக எழுது.

அன்புடன்,
தேவி