பாட்டு வட்டத்தின் ஆண்டறிக்கை: ஏப்ரல் முதல் மார்ச் வரை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் பதினொரு உறுப்பினர்களுக்கும், வர முடியாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

வேலைக்கும் படிப்புக்குமாக ஜப்பானின் ஒகினாவாவுக்கு வந்து சேர்ந்த நாம், இந்தத் தீவின் பாட்டுகளைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கிய வட்டம் இது. இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் முதல் வாரக் கூட்டம் புயலால் நின்றது. ஒகினாவா நகரின் 'எய்சா' மேள நடன விழாவுக்கு எட்டுப் பேர் போய்வந்தோம். டிசம்பரில் ஆண்டு முடிவு விருந்து நடந்தது.

மார்ச் 4 சான்ஷின் நாள். சான்ஷின் இந்தத் தீவின் மூன்று தந்தி வாத்தியம். ஜப்பானியத்தில் மூன்று 'சான்', நான்கு 'ஷி'. அதை வைத்து 1993-இல் உள்ளூர் வானொலி தொடங்கிய வழக்கம். நண்பகலிலிருந்து மணிக்கு ஒருமுறை வானொலியில் 'கஜாதிஃபு' என்ற மங்கலப் பாட்டு ஒலிக்கும். தீவு முழுக்க அவரவர் சான்ஷினை எடுத்துக் கூட வாசிப்பார்கள். நம்மில் நான்கு பேர் ஓர் உறுப்பினர் வீட்டில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே சான்ஷின். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி குறிப்பேடு. ஒகினாவாப் பாடகர்களையும் குழுக்களையும் ஊர்வாரியாக எழுதி வைக்கும் வேலையைப் போன பொதுக்குழுவில் நான்தான் கேட்டு வாங்கினேன். வருஷம் முழுக்க இதே வேலையா, அகர வரிசையில் ஒரு பட்டியல் போட்டால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

ஊரைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பாட்டைப் பிடிக்க முடியாது. கோசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒகினாவா நகரம் என்ற பெயரில் இருக்கிறது. 1974-இல் பக்கத்து மிசாத்தோ கிராமத்தோடு சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். எதிரே கதேனா அமெரிக்க விமானத் தளம். 1972 மே வரை தீவே அமெரிக்கர் கையில் இருந்தது, கடையில் டாலர்தான் செல்லும். வியட்நாமுக்குப் போகவிருந்த சிப்பாய்கள் தளத்தின் வாசலுக்கு வெளியே இருந்த கிளப்புகளில் இரவெல்லாம் கிடந்தார்கள். அவர்களுக்கு எதிரே நின்று டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் பாட்டுகளை வாசித்து வளர்ந்த குழு 'முராசாகி'. அந்தப் பெயருக்கே ஊதா என்றுதான் பொருள். வாசிப்பு பிடிக்காவிட்டால் மேடைக்குப் பாட்டில் பறந்து வரும் என்று அந்தக் காலத்துக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் தாக்குப்பிடித்த கைகள் வேறு மாதிரி வாசிக்கும். மே மாதக் கூட்டத்தில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதே ஊர்க்காரர் கினா ஷோகிச்சி. தந்தை கினா ஷோயெய் பேர்பெற்ற நாட்டுப்பாடகர். மகன் சான்ஷினோடு மின் கிடாரையும் டிரம்ஸையும் சேர்த்து 'சம்புலூஸ்' குழுவை அமைத்தார். 'சம்புரு' என்றால் கலவை. இங்கே நாம் சாப்பிடும் பாகற்காய்ப் பொரியல் 'கோயா சம்புரு'வில் வருகிற அதே சொல். பக்கத்து வீட்டுக் குடிகாரரைக் கூப்பிடும் அவருடைய 'ஹாய்சாய் ஓஜிசான்' இன்றைக்கும் கோஷியென் பேஸ்பால் போட்டியில் ஒகினாவாப் பள்ளிகளுக்காக முழங்குகிறது. 1980-இல் ஹவாயில் பதிவான அவருடைய 'ஹனா' பாட்டில் அமெரிக்கக் கலைஞர் ரை கூடர் கிடார் வாசித்தார். தாய்லாந்திலும் தைவானிலும் அதை அவரவர் மொழியிலேயே பாடுகிறார்கள்.

இதே ஊரில் உருவாகி, 2003-இல் பெரிய கம்பெனி வழியாக அறிமுகமானது ஆரஞ்ச் ரேஞ்ச் குழு. அடுத்த ஆண்டு ஜப்பான் முழுக்க ஓடிய அவர்களுடைய பாட்டின் பெயரும் 'ஹனா'! 'ஹனா' என்றால் பூ. ஒரே சொல், ஒரே ஊர், நடுவில் 24 ஆண்டுகள். ஜூன் கூட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் அறையில் ஒருவரும் பேசவில்லை. அகர வரிசைப் பட்டியல் இதைக் காட்டியிருக்காது. என் வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

எச்ஒய் குழுவின் பெயரே ஊர்ப் பெயர். ஹிகாஷி யாகேனா என்ற இடத்தின் முதல் எழுத்துகள் அவை. உராசொயெ பையன்கள் மூவர் தொடங்கிய மங்கோல்800, பெரிய கம்பெனி எதுவும் பின்னால் நிற்காமல் 2001-இல் வெளியிட்ட 'மெசேஜ்' ஆல்பம் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. குறிப்பேட்டில் இஷிகாகித் தீவின் பகுதி நிறைந்துவிட்டது. பிகின் குழு அந்த ஊர், நாத்சுகாவா ரிமியும் அந்த ஊர். 'நதா சோசோ' பாட்டின் மெட்டு பிகினுடையது. வரிகள் மொரியாமா ரியோகோ, இறந்துபோன அண்ணனை நினைத்து எழுதியவை. முதலில் மொரியாமா பாடினார், அப்புறம் பிகின், 2001-இல் ரிமி. மூன்றையும் நவம்பரில் கேட்டோம். நதா என்றால் இந்த ஊர்ப் பேச்சில் கண்ணீர்.

நாஹாவில் பிறந்த பாப் பாடகி அமுரோ நமியே பற்றிய செப்டம்பர் கூட்டத்துக்கு 19 பேர் வந்தார்கள். 2018 செப்டம்பர் 15-இல் கினோவானில் கடைசியாகப் பாடி, மறுநாள் ஓய்வு பெற்றவரை நினைத்துக் கூடியது மகிழ்ச்சி. ஆனால் அந்த 19 பேரில் எட்டுப் பேரை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. நமக்குப் பிடித்தவரின் நாளுக்கு மட்டும் வருவதென்றால் மற்ற மாதங்களில் அறைக்குப் பூட்டுத் திறப்பது யார்?

'ஷிமா உதா' பாட்டைக் குறிப்பேட்டில் சேர்க்கவில்லை என்று ஓர் உறுப்பினர் அக்டோபரிலிருந்து வருவதில்லை. அதை எழுதிப் பாடிய 'தி பூம்' குழுவின் பாடகர் ஒகினாவாக்காரர் அல்ல, ஜப்பான் பெருந்தீவின் யாமானாஷிக்காரர். ஒகினாவாப் போரில் செவிலியராகப் போய் மாண்ட மாணவியருக்கான ஹிமேயுரி நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து அவர் எழுதிய பாட்டு அது; அதன் பெருமையை நான் குறைக்கவே இல்லை. ஊர்வாரி என்று முடிவு செய்த பிறகு ஒருவருக்காக விதியை மாற்றுவது நியாயமில்லை. அந்த உறுப்பினர் திரும்பி வந்தால் கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்கத் தயார்.

அடுத்தது சான்ஷின். நம் வட்டத்தின் இரண்டு சான்ஷின்களில் ஒன்று ஜூலையில் இரவல் போனது. மூன்று வாரம் கழித்து மலைப்பாம்புத் தோல் நடுவில் கிழிந்து திரும்பி வந்தது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நாள் முழுக்க இருந்திருக்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரை நிமிர்ந்தபடியே நின்றது. (இங்கேயும் அதற்குப் பெயர் 'உமா', குதிரைதான். நம் வீணைக்குச் சொல்கிற அதே சொல்.) வாசிக்காத நேரத்தில் குதிரையைப் படுக்க வைக்க வேண்டும், காரில் விடக் கூடாது என்று பெட்டிக்குள் தமிழில் எழுதியே ஒட்டியிருந்தேன். யார் என்று இங்கே எழுதவில்லை. தோல் மாற்றக் கொடுத்தால், அசல் தோலுக்கு அடியில் துணி வைத்துக் கட்டலாம், செயற்கைத் தோலும் போடலாம் என்றார் கடைக்காரர். எதற்கும் பணம் போதவில்லை. அது இன்னும் என் வீட்டு அலமாரியில் கிழிந்தபடியே இருக்கிறது.

வரவு செலவு: போன ஆண்டுக் கையிருப்போடு சந்தாவும் சேர்ந்து வந்தது. பொது மண்டப வாடகை, பழைய இசைத்தட்டுகள், தேநீர்ச் செலவு போக ஒரு சிறு தொகை மிச்சம். இசைத்தட்டுகளுக்கு அதிகம் செலவானது உண்மை. எல்லாம் வட்டத்தின் சொத்து, என் சொத்தல்ல. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

சந்தா பாக்கி பதினான்கு பேர். இந்தத் தீவில் 'மொஆய்' என்று ஒரு வழக்கம், நம் ஊர்ச் சீட்டேதான். மாதம் ஒரு நாள் கூடுவார்கள், பணம் போடுவார்கள், ஒருவர் எடுப்பார். தொகை சின்னதாக இருந்தாலும் வருவது தவறாது. இங்கே வாழும் நாம் அதை அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

மண்டபப் பொறுப்பாளருக்கும், ஸ்பீக்கர் தந்தவருக்கும், விருந்துக்குச் சமைத்த அக்காமாருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு மியாகோத் தீவைத் தொடங்க வேண்டும். மியாகோப் பேச்சிலேயே பாடும் ஷிமோஜி இசாமுவின் பெயர் மட்டும்தான் அந்தப் பக்கத்தில் இப்போது இருக்கிறது. நாஹாக்காரர்களுக்கே புரியாத பேச்சு அது; மியாகோக்காரர் யாரையாவது ஒரு மாலை அழைத்து உட்கார வைக்காமல் எழுத முடியாது. செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் சாவியை இன்றே தருகிறேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன், ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்தால் மண்டபத்தை மாதாமாதம் பதிவு செய்ய முடியாது. அடுத்த கூட்டம் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு மாலை 5 மணி. சந்தாவை அன்றே கொண்டுவந்தால், திரும்பும் வழியில் சான்ஷினைக் கடையில் கொடுத்துவிடுவேன்.

செயலாளர்