மதுரை விடுதியின் இரவுக் காவலர் ஐயாவுக்கு

எட்டு ஆண்டுகளாக வேலை நிமித்தம் தனியாக மதுரைக்கு வந்து போகிறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் இறக்கிவிடும். டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் எதிரே மீனாட்சியம்மன் கோயிலின் மேலக்கோபுரம். அதற்குச் சற்று முன்னால் ஒரு சந்தில் நான் எப்போதும் தங்கும் விடுதி. புதிய விடுதிகளில் வசதி அதிகம்தான். ஆனால் தனியாக வரும் பெண்ணுக்கு, எந்தப் படி வழுக்கும், எந்தத் தாழ்ப்பாள் சரியாக விழும் என்று தெரிந்த இடமே நிம்மதி.

கடந்த சித்திரையில் ஒரு நள்ளிரவு, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. நீங்கள்தான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்கள். ஊசி போட்டு, மருந்து வாங்கி முடியும்வரை வெளியே பெஞ்சில் கண் அயராமல் உட்கார்ந்திருந்தீர்கள். காலையில் அறை வாசலில் இட்லிப் பொட்டலம், பிளாஸ்கில் வெந்நீர். "வெறும் வயிற்றில் மாத்திரை போடாதேம்மா" என்றீர்கள். நீட்டிய பணத்தை வாங்கவே இல்லை.

சென்ற வாரம் வந்தபோது உங்கள் நாற்காலியில் வேறொருவர். வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டீர்களாம். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நன்றி, ஐயா. தெருச் சத்தம் கேட்காது என்று நீங்கள் எனக்காக ஒதுக்கித் தந்த அதே பின்பக்க அறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.