நெடுநாள் தங்கிவிட்டு ஊர் திரும்பும் விமானப் பயணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சிவமயம்

காரைக்குடி

பெருமதிப்பிற்குரிய அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், வெளிநாட்டில் இருந்தபடியே பெற்றோரின் பயணத்தை ஏற்பாடு செய்யும் பிள்ளைகளுக்கும் எங்கள் பயண ஏற்பாட்டு நிலையத்தாரின் வணக்கம்.

பிள்ளைகள் வீட்டில் பல மாதங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்பும் பெரியவர்களுக்கு நாங்கள் பதிவு செய்து தரும் பயணச்சீட்டின் விலை, இணையத்தில் தெரியும் விலையைவிடச் சில நேரங்களில் கூடுதலாக இருப்பது ஏன் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது, அதற்கு முழுமையான விளக்கம் தருவது எங்கள் கடமை. அறுபது வயதைக் கடந்தவர்கள் திரும்பி வரும் பயணத்திற்கு, தனித்தனியே வாங்கிய இரண்டு சீட்டுகளை ஒட்டவைத்துத் தருவதில்லை என்றும், இடையில் விமானம் மாறுவதற்கு மூன்று மணி நேரத்திற்குக் குறைவான அவகாசம் உள்ள சீட்டைப் பரிந்துரைப்பதில்லை என்றும் நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். அந்த முடிவின் காரணங்களையும், பயணத்தில் கவனிக்க வேண்டிய மற்றவற்றையும் இம்மடலில் எழுதுகிறோம்.

போகும் பயணத்திற்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடத் திரும்பும் பயணத்திற்கு நாம் காட்டுவதில்லை. போகும்போது உடல் ஓய்வாக இருக்கிறது, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் உற்சாகம் இருக்கிறது, இறங்கும் இடத்தில் மகனோ மகளோ காத்து நிற்கிறார்கள். திரும்பும்போதோ முதல்நாள் இரவு முழுவதும் பெட்டி கட்டி, எடை பார்த்து, மறுபடி பிரித்துக் கட்டி, கண்ணயராமலேயே விமான நிலையத்திற்குப் போகிறார்கள். பேரப்பிள்ளையைப் பிரிந்த துயரமும் கூடவே வருகிறது. நியூஜெர்சியிலுள்ள மகன் வீட்டு வாசலிலிருந்து இங்கே தங்கள் வீட்டு முகப்பில் வந்து அமர்வது வரை கணக்கிட்டால், வளைகுடா நாடு ஒன்றின் வழியாக வருபவருக்கு முதல் விமானத்தில் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேல், இரண்டாவதில் நான்கு மணி நேரம், இடையில் காத்திருப்பு, சென்னையிலிருந்து சாலையில் ஏழு மணி நேரம் என்று ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகிறது. சீட்டின் விலையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஒன்றரை நாள் கண்ணில் படுவதில்லை.

தனித்தனிச் சீட்டுகளைப் பற்றி முதலில் சொல்கிறோம், ஏனெனில் பெரிய துன்பங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. ஒரே பதிவு எண்ணில் புறப்படும் ஊர் முதல் இறங்கும் ஊர் வரை சீட்டு இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது விமானம் போய்விட்டாலும், அடுத்த விமானத்தில் இடம் தந்து அனுப்பிவைப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு சீட்டுகளாக வாங்கியிருந்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்திற்கு வராத பயணி. அந்தச் சீட்டின் பணம் போய்விடும். பெட்டிகளும் பெரும்பாலும் நேராக வருவதில்லை. இடையிலுள்ள நாட்டில் இமிகிரேஷனைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கவுன்டரில் கொடுக்க வேண்டியிருக்கும்; அந்த நாட்டுக்குள் நுழைய விசா இல்லையென்றால் அதுவும் முடியாது. தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கும் அவருடைய மனைவிக்கும் கடந்த குளிர்காலத்தில் இப்படித்தான் நேர்ந்தது. பனிப்பொழிவால் முதல் விமானம் தாமதமாக, இரண்டாவதைத் தவறவிட்டு, மொழி புரியாத விமான நிலையத்தில் ஓர் இரவு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்து, மறுநாள் மகன் புதிதாக வாங்கி அனுப்பிய சீட்டில் வந்து சேர்ந்தார்கள். மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவானது ஒருபுறம் இருக்க, அந்த ஆச்சியின் இரத்த அழுத்த மாத்திரைகள் கையில் எடுக்க முடியாத பெட்டிக்குள் இருந்தன என்பதே எங்களை இன்றும் வருத்துகிறது.

எடையும் இதில் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் சீட்டுகள் பலவற்றில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டிகள் வரை அனுமதி உண்டு. நம் உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் பொதுவாக 15 கிலோதான். ஒரே சீட்டில் வந்தால் வெளிநாட்டு விமானத்தின் அளவே கடைசி வரை செல்லுபடியாகும். தனிச்சீட்டில் டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மாறுபவர் மிகுதி எடைக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். டெல்லி, மும்பை வழியாக உள்நாட்டு விமானம் மாறி வரும்போது, ஒரே சீட்டாக இருந்தாலும் பொதுவாக அங்கேயே இமிகிரேஷனையும் சுங்கச் சோதனையையும் முடித்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லியின் மூடுபனியால் விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஆகவே அந்த மாதங்களில் டெல்லி வழியாகப் பெரியவர்களை அனுப்ப நாங்கள் தயங்குகிறோம்.

எந்த விமான நிலையத்தில் வந்து இறங்குவது என்பதில் எங்கள் கருத்து தெளிவானது: முடியுமானால் திருச்சி. நம் ஊரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. புதுக்கோட்டைச் சாலையிலேயே நிலையம் அமைந்திருப்பதால் நகருக்குள் நுழையாமலேயே திருமயம் வழியாக இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். 2024-இல் புதிய முனையம் பயன்பாட்டுக்கு வந்தபின் இடநெருக்கடியும் குறைந்திருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய ஊர்களிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவர்கள் சென்னையை நினைக்கவே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் போன்ற மேற்குக்கரை ஊர்களிலிருந்து வருபவர்களும் சிங்கப்பூரில் மாறித் திருச்சிக்கு வரலாம். முதல் விமானம் பதினாறு மணி நேரத்தைத் தொடும் என்றாலும், கடைசிக் கட்டம் மிக எளிதாகிவிடுகிறது. மதுரையும் நமக்கு ஏறத்தாழ அதே தூரம்தான். ஆனால் அங்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் குறைவு.

சென்னைக்குத்தான் வர வேண்டியிருந்தால், வளைகுடா வழி விமானங்கள் பல நள்ளிரவு கடந்தோ விடியற்காலையிலோ இறங்குகின்றன என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இறங்கியவுடன் காரில் ஏறி நானூறு கிலோமீட்டர் வருவதை நாங்கள் ஏற்பதில்லை. ஊரிலிருந்து மாலையில் புறப்பட்டு வந்து, இரவெல்லாம் விழித்துக் காத்திருந்த ஓட்டுநர், அதே தூக்கக்கலக்கத்தோடு திரும்ப ஓட்டுகிறார் என்பதே காரணம். விமான நிலையத்திற்கு அருகில் அறை எடுத்துக் குளித்து, உண்டு, உறங்கிவிட்டு, பிற்பகலில் பல்லவன் விரைவு ரயிலைத் தாம்பரத்தில் பிடித்தால் இரவு படுக்கும் நேரத்திற்குக் காரைக்குடியில் இறங்கலாம். எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. பெட்டிகள் மிகுதியாக இருந்தால் காரிலேயே வரலாம், ஆனால் பொழுது விடிந்து, ஓட்டுநர் தூங்கி எழுந்தபின்.

திரும்பும் தேதியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்க விசா பத்தாண்டுக்கு இருக்கிறது என்பதற்காக நினைத்த வரை தங்க முடியாது. அங்கே இறங்கும்போது அதிகாரி அனுமதிக்கும் கடைசி நாள் ஐ-94 என்னும் பதிவில் இருக்கும், சுற்றுலா விசாவில் வழக்கமாக அது ஆறு மாதம். அந்த நாளுக்கு முந்தைய நாளில் சீட்டு எடுத்துவிட்டு, உடல்நலக் குறைவாலோ பனிப்புயலாலோ விமானத்தை விட்டவர்கள் படும் பாடு பெரிது. குறைந்தது இரண்டு வாரமாவது முன்னதாகத் தேதி குறியுங்கள். வைகாசி, ஆனியில் புறப்பட்டுப் போகிறவர்களுக்கு ஆறு மாதம் கார்த்திகை, மார்கழியில் வந்து முடிகிறது. டிசம்பர் நடுப்பகுதிக்குமேல் கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டத்தால் சீட்டு விலை ஏறிவிடும். திருக்கார்த்திகையை அடுத்து வரும் பிள்ளையார் நோன்புக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நவம்பர் இறுதியில் வந்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

விசேஷங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். திருமணம், அறுபது, எண்பது வயது நிறைவுக்குச் செய்யும் சாந்தி, முன்னோரை வணங்கும் படைப்பு என்று ஏதேனும் ஒன்றை முன்னிட்டு, அதற்கு முதல்நாள் வந்து இறங்கும்படி சீட்டுக் கேட்கிறீர்கள். குறைந்தது ஐந்து நாள் இடைவெளி கொடுங்கள் என்று நாங்கள் மன்றாடிக் கேட்கிறோம். நியூயார்க் நேரத்திற்கும் நம் நேரத்திற்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வேறுபாடு. மேற்குக்கரைக்கு இதோடு இன்னும் மூன்று மணி நேரம் சேரும். நம் முன்னோர் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திற்கு வந்த காலத்தில், வேறுபாடும் சிறியது, பயணமும் நாள் கணக்கில் நீண்டது. உடல் தானாகவே பழகிக்கொண்டது. விமானமோ பகலை இரவாக்கி ஒரே நாளில் இறக்கிவிடுகிறது. அதிலும் கிழக்கு நோக்கி வரும்போது பழகுவது கடினம், ஏனெனில் மனித உடலின் இயல்பான கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது; நாளை நீட்டுவதற்கு இசையும், சுருக்குவதற்கு எளிதில் இசையாது. ஒரு மணி நேர வேறுபாட்டிற்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று கணக்கு வைப்பார்கள். நள்ளிரவில் விழிப்பதும், நண்பகலில் கண் செருகுவதும், வயிறு ஒத்துழைக்காததும் நோயல்ல. பகலில் வெளிச்சத்தில் நடமாடுங்கள், பகல்தூக்கத்தை அரைமணி நேரத்தோடு நிறுத்துங்கள், அந்த நாள்களில் வண்டி ஓட்டாதீர்கள். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுவதையும் தள்ளி வையுங்கள்.

விமானத்திற்குள் உடல் படும் பாட்டிற்கும் காரணம் உண்டு. உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், அதாவது உதகமண்டலத்தில் இருப்பதைப் போன்றது. ஈரப்பதமோ இருபது விழுக்காட்டிற்கும் குறைவு. அதனால்தான் வாய் உலர்கிறது, வயிறு உப்புகிறது. நான்கு மணி நேரத்திற்குமேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. வாய்ப்பு சிறியதுதான் என்றாலும், இதயநோய் உள்ளவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கழிப்பறைக்கு எழுந்து போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆச்சிமார்களைப் பார்க்கிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதற்காகவே நடைபாதை ஓர இருக்கையைப் பதிவு செய்து தருகிறோம். மருந்துகள் எல்லாம் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும், மேலும் நேரம் மாறுவதால் எப்போது எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சைவ உணவு வேண்டுவோர் 'இந்து உணவு' என்று குறிக்கச் சொல்லாதீர்கள், அதில் இறைச்சி இருக்கக்கூடும். 'ஏசியன் வெஜிடேரியன்' என்பதே சரி.

சக்கர நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம். மூட்டுவலி உள்ளவர் பெரிய விமான நிலையங்களில் நடக்க வேண்டிய தூரம் கொஞ்சமன்று. பயணத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிட்டால் நாங்கள் பதிவு செய்துவிடுவோம்.

நகைகளைப் பற்றிச் சுருக்கமாக: ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பும் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரை நகைக்குச் சுங்கவரி இல்லை என்ற சலுகை, ஆறு மாதம் தங்கி வருபவர்களுக்குப் பொருந்தாது. இங்கிருந்து அணிந்து செல்லும் கனமான நகைகளுக்குப் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால் திரும்பும்போது கேள்வி எழாது.

பெட்டியைக் கவுன்டரில் கொடுக்கும்போது ஒட்டும் சீட்டில், சென்னையானால் எம்.ஏ.ஏ., திருச்சியானால் டி.ஆர்.இஸட். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று வழியனுப்ப வந்த பிள்ளைகள் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். அந்தச் சிறு துண்டுச் சீட்டு பெரியவர் கையில் பத்திரமாக இருக்கட்டும். பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். உடைந்திருந்தால் ஏழு நாள்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பன்னாட்டு உடன்படிக்கையின் விதி.

பல மாதம் பூட்டிக் கிடந்த வளவு வீட்டை, அதாவது முற்றம் வைத்த நம் பெரிய வீட்டை, திறப்பதையும் பயணத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்கொரு முறை வரும் மின்கட்டணத்தைப் பிள்ளைகள் இணையத்தில் கட்டி வந்தார்களா என்று பாருங்கள். வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பே நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து, மேல்நிலைத் தொட்டியின் பழைய நீரை வெளியேற்றி நிரப்பவும், படுக்கும் அறையையாவது துடைத்து வைக்கவும் சொல்லுங்கள்.

இவ்வாண்டு திரும்ப இருப்பவர்கள், ஐ-94 பதிவின் நகலையும், கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும், மருந்துப் பட்டியலையும் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, தேதி குறிப்பதற்கு முன் ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள். வேறிடத்தில் வாங்கிய சீட்டாக இருந்தாலும் படித்துப் பார்த்து, எங்கே இடைஞ்சல் வரக்கூடும் என்பதைச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இங்ஙனம்,
பயண ஏற்பாட்டு நிலையத்தார்,
காரைக்குடி