ஒரு நாழிச் சோறு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய பணத்தில் பின்கட்டு ஓட்டை மாற்றியாயிற்று. போன மழைக்கு அடுப்படியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இந்த லைனிலேயே உங்கள் வீடுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். என் மகன் செய்தது என்று சொன்னேன். இன்னும் நாலு பேரிடமும் சொன்னேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொள்கிறோம்.

பணம் மாதாமாதம் சரியாக வருகிறது. உன் முகம்தான் வருவதில்லை. அம்மா வீடியோவில் கூப்பிட்டால் சிக்னல் இல்லை என்கிறாய். அவள் நம்பிக்கொள்கிறாள். வைசாகப் பௌர்ணமிக்கும் நீ வரவில்லை. விகாரையில் பஞ்சசீலம் சொல்லி முடித்ததும், உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து "எங்கே தம்பி?" என்று கேட்டார்கள். வேலை என்று சொன்னேன்.

கல்யாணப் பந்தியில் பெரியப்பா உன் உடம்பைப் பற்றிச் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரிடம் கேட்க வேண்டியதை வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். அதோடு அது முடிந்தது. நீயும் முடித்துக்கொள்.

உன்னோடு தங்கியிருக்கிற பையன் அம்மாவிடம் பேசினான். அவனைக் கோபிக்காதே, நல்ல பிள்ளை, பயந்துபோய்ச் சொன்னான். பகல் முழுக்க வெறும் காபியும் ஏதோ மாவு கரைத்த தண்ணீரும் குடித்துக் கிடக்கிறாயாம். ராத்திரி ரெண்டு மணிக்கு பிரியாணியும் குஸ்காவும் வரவழைத்து ஒற்றை ஆளாகச் சாப்பிடுகிறாயாம். மறுநாள் அதற்குத் தண்டனை மாதிரி மறுபடி பட்டினி. இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி, பட்டினி நம் வழி இல்லை. உனக்கு நானே சொல்லிக் கொடுத்ததுதான். புத்தராகும் முன் சித்தார்த்தர் ஆறு வருஷம் உடம்பை வதைத்தார். ஒரு கைப் பயற்றுச் சாறு, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. வயிற்றுத் தோலைத் தொட்டால் முதுகெலும்பு கையில் பட்டது. உடம்பைத் தடவினால் மயிர் உதிர்ந்தது. இவ்வளவும் பட்ட பிறகு, இது வழி இல்லை என்று அவரே கண்டார், சோறு தின்றார். சுஜாதை கொடுத்த பால்சோறு என்று நாம் கதை சொல்வது அதைத்தான். கூட இருந்த ஐந்து பேரும் அவர் கெட்டுப்போனார் என்று விட்டுப் போனார்கள். போகட்டும் என்று இருந்தார். போதி மரத்தடியில் உட்கார்ந்தது சாப்பிட்ட உடம்புதான், காய்ந்த உடம்பு இல்லை.

அதற்காக இஷ்டத்துக்குத் தின்னச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. கோசல நாட்டு ராஜா பசேநதி கதை உனக்கு நினைவிருக்கும். துரோணம் என்கிற பெரிய அளவுக்கு அரிசிச் சோற்றைத் தின்றுவிட்டு, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு புத்த பகவனிடம் வந்து உட்கார்ந்தார். பகவன் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பத்துப் பேர் நடுவில் குத்திப் பேசவில்லை. நாலு வரிதான் சொன்னார். எப்போதும் விழிப்போடு இருந்து, கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவனுக்கு நோவு மெலியும், மூப்பு மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்று. ராஜா என்ன செய்தார் பார். பின்னால் நின்ற சுதர்சனன் என்கிற பையனை அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, சாப்பாடு வரும்போதெல்லாம் தன் காதில் சொல்ல வைத்தார். அதற்குத் தினம் நூறு காசு கூலி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு நாழிச் சோற்றுக்கு வந்தார். உடம்பு இளைத்ததும் தன் கை காலைத் தானே தடவிப் பார்த்து, பகவன் எனக்கு இம்மைக்கும் மறுமைக்கும் கருணை செய்தார் என்றாராம்.

நான் இந்தக் கதையை விகாரையில் எத்தனையோ பௌர்ணமிக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது உன்னை நினைத்துப் படிக்கும்போது ஒன்றுதான் கண்ணில் படுகிறது. அவ்வளவு பெரிய ராஜா, தனியாக என்னால் முடியாது என்று ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. உனக்கு ஏன் கண்ணு வெட்கம்?

பத்து வயதில் மேடையில் ஏறி, பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று தொடர்ந்து போகிற பன்னிரண்டு நிதானத்தையும், துன்பம் பிறக்கிற காரணச் சங்கிலியை, ஒரு திக்கல் இல்லாமல் சொன்னவன் நீ. மணிமேகலையில் வருகிற வரிசை அப்படியே. அன்றைக்குக் கைதட்டியதோடு சரி. இப்போதுதான் அது உனக்கு வேலைக்கு ஆகும். ராத்திரி ரெண்டு மணி. பக்கத்து மேசையில் யாரோ பொட்டலம் பிரிக்கிறார்கள். வாசனை மூக்கில் படுகிறது, அது ஊறு, அதாவது தொடுதல். நன்றாயிருக்கிறது என்று உள்ளே ஒன்று சொல்கிறது, அது நுகர்வு. அதுவரை ஒரு தப்பும் இல்லை, மூக்கு இருக்கிறவனுக்கு எல்லாம் அது உண்டு. அடுத்து எனக்கும் வேண்டும் என்று எழுகிறதே, அது வேட்கை. கை போனை எடுத்தால் பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடத்தில் கொஞ்சம் நில். வேட்கையை அடிக்காதே, திட்டாதே, வந்திருக்கிறது என்று மட்டும் பார். வாயில் எச்சில் ஊறும், வயிறு இழுக்கும், பிறகு தானாகத் தணியும். தணியாமல் நின்றால் அது நிஜப் பசி, அப்போது சாப்பிடு. மூச்சைப் பார்க்க உட்காரச் சொன்னதெல்லாம் இதற்குத்தான்.

ஆனால் பகல் முழுக்கக் காயப்போட்ட வயிற்றை வைத்துக்கொண்டு ராத்திரி அந்த இடத்தில் யாராலும் நிற்க முடியாது. உன்னை மாதிரி நானும் கோலார் தங்கச் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டுகிற சுரப்பு ஏறிவிடும் என்று டாக்டரும் சொல்கிறார். அதனால் ஷிப்டுக்குப் போகும் முன் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடு. களி கிண்டத் தெரியாவிட்டால் ரெண்டு சப்பாத்தி, நிறையக் காய், கொள்ளோ பயறோ முட்டையோ. நடுவில் பசித்தால் சுண்டலும் மோரும் டப்பாவில் இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டை விட்டதால் நோவு இல்லை, உடல் லேசாகவும் பலமாகவும் இருக்கிறது என்று பகவனே பிக்குகளிடம் சொல்லியிருக்கிறார். உன் வேலைக்கு அதை அப்படியே பிடிக்க முடியாது, ஆனால் அந்த ரெண்டு மணி பிரியாணியை விடலாம்.

ஒரேயடியாக எடுக்கிறதும் ஆபத்து. கீழே பாறையை வெட்டி எடுத்தால் எடுத்த இடத்தில் கருங்கல் அடுக்கிக்கொண்டே போவோம். அடுக்காமல் போனால் மேலே இருக்கிற பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும், ஏர் பிளாஸ்ட் என்போம். எத்தனை பேர் அதில் போனார்கள் என்று உனக்குத் தெரியும். உடம்பிலும் சோற்றை எடுத்தால் அந்த இடத்தில் ஏதாவது வை. டாக்டர் சொன்னது, எடையில் நூற்றுக்கு ஐந்து ஏழு குறைத்து, தினம் அரைமணி நடந்தாலே சர்க்கரை வரும் ஆபத்து நன்றாகக் குறையுமாம். நூறு கிலோவுக்கு ஏழு கிலோ. அதைத் தாண்டி யாரும் உன்னைக் கேட்கவில்லை. அழகுக்காக அல்ல, ஒப்பனைக்காக அல்ல, இந்த உடல் நிலைப்பதற்காக என்று சொல்லித்தானே பிக்குகள் பாத்திரத்தில் கை வைக்கிறார்கள். பட்டினிக்கும் அதே விதிதான். பெரியப்பா கண்ணுக்கு அழகாக ஆக வேண்டும் என்று பட்டினி கிடக்காதே.

இன்னொன்று. தட்டில் வைத்ததை நீ மிச்சம் வைக்கமாட்டாய். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு நாம் இருந்த இருப்பில், பருக்கை விடாதே என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அந்தக் காலத்துக்கு அது சரி. வீணாக்க மனம் வராவிட்டால் முதலிலேயே குறைத்துப் போட்டுக்கொள். இன்னும் நாலைந்து கவளம் சாப்பிடலாம் என்கிறபோது நிறுத்தித் தண்ணீர் குடி, பகவனின் சீடர் சாரிபுத்தர் சொன்னது. டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடாதே. மென்று தின்னு. ஷிப்டுக்கு முன் சாப்பிடு. முன்பே எழுதிவிட்டேன், பரவாயில்லை, ஷிப்டுக்கு முன் சாப்பிடு.

மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற காயசண்டிகைக்கு யானைத்தீ என்கிற நோய். பன்னிரண்டு வருஷச் சாபம், எதைத் தின்றாலும் அடங்காத பசி. அது மணிமேகலை கையால் போட்ட ஒரு பிடியில் தீர்ந்தது. அமுதசுரபியின் மகிமை என்பார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்று கருணையோடு போட்டதும் அதில் உண்டு என்று நான் நினைக்கிறேன். நீ தனியாக, ஒருவரும் பார்க்காத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாய். அதுதான் என்னை வாட்டுகிறது, உன் எடை இல்லை. அந்தப் பையனோடு உட்கார்ந்து சாப்பிடு. சமையல் செலவில் பாதி நான் தருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். மறுக்காதே.

ஷிப்டுக்குக் கிளம்பும் முன் நீ தட்டு போட்டதும் எனக்கு வீடியோவில் கூப்பிடு. நான் அந்த நாலு வரியைச் சொல்கிறேன். எனக்குக் கூலி வேண்டாம். அம்மா பக்கத்தில் இருப்பாள், அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட் எடுத்தாய் அல்லவா, அதை போட்டோ பிடித்து அனுப்பு. எண் எதுவானாலும் அனுப்பு. அடுத்த பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்கால ரயிலைப் பிடித்தால் ராத்திரிக்குள் மாரிக்குப்பம் வந்துவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். பெரியப்பா அன்றைக்கு ஊரில் இல்லை.

உன் அப்பா