புரொஜெக்டரை எடைக்குப் போடாதீர்கள்

தமிழ்நாட்டுத் தனித்திரை அரங்கு உரிமையாளர்களுக்கும், உங்கள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அரங்கை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுவதும், குடோனாக வாடகைக்கு விடுவதும் உங்கள் உரிமை. அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. காலி நாற்காலிகளுக்குப் படம் ஓட்டிக்கொண்டே கரண்ட் பில்லும் சொத்து வரியும் கட்டியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். நான் கேட்பது மாடியில் இருக்கும் ஆபரேட்டர் ரூமைப் பற்றி மட்டும். அங்கே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிற இரண்டு 35 எம்எம் புரொஜெக்டர்களையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றை வாங்க ஆள் இருக்கிறது. தனித்தனியாகத் தேடினால் கிடைக்க மாட்டார்கள், சங்கம் சேர்ந்து தேடினால் கிடைப்பார்கள்.

மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத் தியேட்டர்களில் புரொஜெக்டர் சர்வீஸ் பார்த்தவன் நான். ஃபிலிம் சுருளோடு படப்பெட்டி வருவது நின்று, க்யூப், யுஎஃப்ஓ கம்பெனிகள் வழியாக டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் மெஷினைக் கழற்றிக் கொடுக்கத்தான். நான் போவதற்குள் பல இடங்களில் வேலை முடிந்திருக்கும்.

அது எப்படி நடக்கிறது என்று உங்களில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். கீழே ஆபீஸில் எடைச்சீட்டு மட்டும்தான் கைக்கு வரும். மேலே சம்மட்டியோடு இரண்டு பேர் வருகிறார்கள். முதலில் மோட்டாரைப் பிடுங்குவார்கள், உள்ளே செம்பு இருக்கிறது. அடுத்து விளக்குக்கு டிசி கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர், அதுவும் செம்புக்காக. பிறகு லென்ஸை உருவி, தரையில் ஓங்கி அடித்துக் கண்ணாடியை உதறிவிட்டுப் பித்தளைக் குழாயை மட்டும் சாக்கில் போடுவார்கள். கடைசியாக மெஷினின் தலையில் விழும் அடி. அங்கேதான் மால்டீஸ் கிராஸ் இருக்கிறது. எண்ணெயில் மூழ்கியே சுற்றும் சின்ன எஃகுச் சிலுவை. ஃபிலிமை நொடிக்கு 24 தடவை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தது அதுதான். நிமிடத்துக்கு 90 அடி வீதம், இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. அது மயிரிழை தேய்ந்தாலும் திரையில் படம் குதிக்கும். அவ்வளவு நுட்பமாகக் கடைந்த ஒரு பாகம், ஆணி விலைக்குப் போகிறது. எண்ணெய் சிந்திய தரையில் அந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, வேறு யார் வாங்குவார்கள்?

லென்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் நீங்கள் அதிகம் இழக்கிறீர்கள். சினிமாஸ்கோப் படத்துக்குப் போடும், ஃபிலிமில் ஒடுங்கியிருக்கும் படத்தைத் திரையில் அகலமாக விரிக்கும் அனமார்ஃபிக் லென்ஸை (இஸ்கோ, கோவா போன்ற கம்பெனிகளுடையது) இளம் ஒளிப்பதிவாளர்கள் டிஜிட்டல் கேமராவின் முன்னால் பொருத்திப் படம் எடுக்கிறார்கள். நீளவாக்கில் தெறிக்கும் அந்த ஒளிக்கீற்றுக்காகவே உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். பூஞ்சை படியாத, கீறல் இல்லாத நல்ல லென்ஸ் ஒன்று, சில சமயம் மொத்த மெஷினின் இரும்பு விலையைத் தாண்டிவிடும். அதேபோல வால்வு ஆம்ப்ளிஃபயர், திரைக்குப் பின்னால் நிற்கும் ஹார்ன் ஸ்பீக்கர். பழைய ஒலிக்கருவி சேகரிப்பவர்கள் புரொஜெக்டரைவிட இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். திரையைக் கிழிக்கும்போது ஸ்பீக்கரையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மெஷினை முழுதாக வாங்குகிறவர்களும் உண்டு. சினிமா கம்பெனிகளின் ஆர்ட் டிபார்ட்மென்ட், ஹோட்டல், காபிக் கடை அலங்காரம், தனிச் சேகரிப்பாளர்கள், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு நடத்தும் கல்லூரிகள். அலங்காரத்துக்கு வாங்குகிறவர் தங்கக் கலர் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்துவார். எனக்கு அது பிடிக்காது, ஆனால் உடைத்து உருக்குவதற்கு அது எவ்வளவோ மேல். என் முதல் விருப்பம், இன்னும் ஃபிலிம் ஓட்டுகிற இடங்களுக்குப் போவதுதான். புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஃபிலிம் பிரதியைக் காப்பாற்றிவிட்டு அதை ஓட்ட மெஷின் இல்லாமல் போனால் என்ன செய்வது? ஓடுகிற ஒரு மெஷினுக்குப் பல்சக்கரம், ஃபிலிமை லென்ஸுக்கு நேராகப் பிடிக்கும் கேட், ஒலியைப் படிக்க உதவும் எக்ஸைட்டர் பல்பு என்று உதிரிபாகம் வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. உங்களிடம் இருக்கும் ஓடாத மெஷின்கூட வேறொன்றை ஓடவைக்கும்.

அருங்காட்சியகங்களையும் கேட்கலாம். மும்பையில் 2019-இல் இந்திய சினிமாவுக்கான தேசிய அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னையில் ஏவிஎம் நிறுவனம் 2023-இல் தன் ஹெரிடேஜ் மியூசியத்தைத் திறந்தது. ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் நன்கொடையாகத்தான் கேட்பார்கள், உங்கள் மெஷினில் என்ன விசேஷம் என்றும் கேட்பார்கள்.

விலை விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை. நம் நாட்டிலேயே தயாரான போட்டோபோன் மாதிரி மெஷின்கள் ஊருக்கு ஊர் இருந்தவை. அவற்றுக்குப் பெரிய தொகை வராது. 35 எம்எம், 70 எம்எம் இரண்டும் ஓட்டும் விக்டோரியா 8, பழைய சிம்ப்ளெக்ஸ், வெஸ்ட்ரெக்ஸ் செட் என்றால் கதை வேறு. எதுவானாலும் ஜோடியாக, விளக்கு இருக்கும் லேம்ப் ஹவுஸ், ஒலியைப் படிக்கும் சவுண்ட் ஹெட், ஸ்பூல், ரீவைண்டர், ஃபிலிமை ஒட்டும் ஸ்பிளைசர் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால்தான் மதிப்பு. புரோக்கர்கள் வந்து ஆசையாகக் கேட்பது லென்ஸை மட்டும்தான். அதைக் கொடுத்த பிறகு மிச்சத்துக்கு இரும்புக் கடையைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, இது விலையைவிட முக்கியம். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் செனான் பல்பு அணைந்து குளிர்ந்த நிலையிலும் உள்ளே அழுத்தத்தோடுதான் இருக்கும். தட்டினால் வெடித்துக் கண்ணாடி முகத்தில் தெறிக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, பழக்கப்பட்டவர் கழற்றி அதன் உறையிலேயே போட வேண்டும். கார்பன் குச்சி எரித்த பழைய லேம்ப் ஹவுஸ்களில் ஒயருக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கும். இன்னும் பழைய அரங்குகளில் பாதரச ரெக்டிஃபயர் இருக்கலாம். சம்மட்டியோடு வருகிற பையன்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்வதில்லை. உங்கள் கட்டடத்தில் ஒருவர் கண்ணை இழந்தால் அந்த எடைச்சீட்டுப் பணம் எதற்குக் காணும்?

வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும் என்று பல வருடம் சும்மா கிடந்த மெஷினில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். புது எண்ணெய் ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, முதலில் கையால் குமிழைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உங்கள் பழைய ஆபரேட்டருக்கு இது தெரியும். அவரையே கூப்பிடுங்கள். அரசு லைசென்ஸ் வாங்கி, கேபின் சூட்டில் ஆயுளைக் கழித்தவர் அவர். பலர் இப்போது வாட்ச்மேன் வேலையிலும் ஆட்டோ ஓட்டியும் காலம் தள்ளுகிறார்கள். மெஷின் விற்றால் கழற்றி, குறித்து, வாங்குகிற இடத்தில் மாட்டிக் கொடுக்கும் கூலி அவருக்கே போகட்டும்.

நம் தொழிலின் தொடக்க காலத்திலேயே ஒரு கைமாறிய மெஷின் இருக்கிறது. 1905-இல் திருச்சியில், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்ட வைத்திருந்த கருவியை விற்றார். வாங்கியவர் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். அவர் அதைத் தூக்கிக்கொண்டு கூடாரம் போட்டுப் படம் காட்டினார், பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார், பிரான்ஸின் பதே கம்பெனி புரொஜெக்டர்களை விற்கும் ஏஜென்டாகவும் இருந்தார். டூபான்டுக்கு அன்றைக்கு வின்சென்ட் கிடைத்த மாதிரி இன்றைக்கு உங்களுக்கும் ஒருவர் கிடைக்க வேண்டுமென்றால், சரக்கு எங்கே இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். புனேக்காரருக்கு உசிலம்பட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உசிலம்பட்டி முதலாளிக்குப் புனேயில் யாரைக் கேட்பது என்று தெரியாது. நடுவில் நிற்பது இரும்புக் கடைக்காரர் மட்டும்தான்.

அதனால் சங்கங்களிடம் கேட்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு பதிவேடு வையுங்கள். அரங்குக்கு ஒரு பக்கம் போதும். மெஷினின் பெயர்ப்பலகையைத் தெளிவாக ஒரு போட்டோ, சீரியல் நம்பர், லென்ஸில் பொறித்திருக்கும் எழுத்து, எந்தெந்தப் பாகம் இருக்கிறது, எது இல்லை, கடைசியாக எப்போது ஓடியது, ஆபரேட்டர் சம்மதித்தால் அவர் பெயர். எல்லா மாவட்டமும் சேர்ந்ததும் அதைப் புனேக்கும் மும்பைக்கும், தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்துக்கும், விஸ்காம் இருக்கும் கல்லூரிகளுக்கும், ஆர்ட் டைரக்டர்கள் சங்கத்துக்கும் அனுப்புங்கள். விற்கிற விலையை உரிமையாளரே பேசிக்கொள்ளட்டும், சங்கம் அதில் தலையிட வேண்டியதில்லை. போட்டோ எடுக்கவும் பாகங்களை அடையாளம் சொல்லவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என்னைப் போல இன்னும் சில பழைய மெக்கானிக்குகளும் வருவார்கள்.

ஏற்கெனவே இரும்புக் கடைக்காரரிடம் தேதி கொடுத்துவிட்டவர்கள் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அதுவும் முடியாதென்றால், அவர் வருவதற்கு முன் லென்ஸ்களைக் கழற்றி உலர்ந்த பெட்டியில் வீட்டில் வையுங்கள், பெயர்ப்பலகையைப் போட்டோ எடுங்கள், செனான் பல்பை ஆபரேட்டரை விட்டு இறக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு புரொஜெக்டர் மெக்கானிக்