காய்ச்சல் விட்ட பிறகும் காதைக் கவனி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் குட்டி அழுத அழுகையில் நீ சொன்னது பாதி காதில் விழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். 6 மாதத்துக்குள் 3 தடவை காதில் சீழ் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடு. உன் கவனிப்பில் குறை எதுவும் இல்லை. மூக்கின் பின்பக்கமிருந்து நடுக்காதுக்குப் போகிற குழாய் கைக்குழந்தைகளுக்குக் குட்டையாக, படுத்தமாதிரி இருக்கும். சளி பிடித்தால் அது அடைத்துக்கொண்டு உள்ளே நீர் கட்டிவிடுகிறது.

உனக்கும் பத்து மாதத்தில் இப்படித்தான். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு விடிய விடிய அழுவாய். ஆச்சி தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி விட்டார். காலையில் தலையணை உறையில் மஞ்சளாகச் சீழ். உன் அழுகையும் நின்றிருந்தது. எண்ணெய் கேட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். செவிப்பறை கிழிந்து அழுத்தம் இறங்கியதால்தான் வலி விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. நல்ல செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் உள்ளே போகாது. ஓட்டை இருந்தால் போகும், அப்போது கெடுதல்தான். உன் மாமியார் பாசத்தில் சொன்னாலும் காதில் எதையும் விடாதே. அவர்களிடம் நானே பேசுகிறேன்.

இன்னும் என் மனதை உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. காய்ச்சல் போய் நீ விளையாட ஆரம்பித்துவிட்டாய். ஆனால் குக்கர் விசில் அடித்தாலும் திரும்ப மாட்டாய். நாலு தடவை கூப்பிட வேண்டும். பிடிவாதம் என்று நினைத்து ஒரு நாள் தொடையில் கிள்ளிவிட்டேன். அப்புறம்தான் டாக்டர் பார்த்து, உள்ளே இன்னும் நீர் நிற்கிறது, பிள்ளைக்கு எல்லாமே மங்கலாகத்தான் கேட்கும் என்றார். அன்று உன்னை மடியை விட்டு இறக்கவே இல்லை. வலி போன பிறகும் அந்த நீர் வாரக்கணக்கில் நிற்கலாம். நீ பேசவும் தாமதமானது.

அதனால் அழுகை நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதே. டாக்டர் சொன்ன நாள் வரை கொடு, முடிந்ததும் திரும்பக் காட்டு. 3 மாதமாகியும் நீர் வற்றாவிட்டால் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல். நீர் வடிய செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயப்படாதே, பெரும்பாலும் அது தானாகவே விழுந்துவிடும்.

புட்டிப்பாலைப் படுக்கவைத்துக் கொடுக்காதே. வீட்டில் சிகரெட் புகையே கூடாது, மாப்பிள்ளையிடம் சொல். காதில் சீழ் வரவைக்கிற ஒரு கிருமியைத் தடுக்கிற நிமோகாக்கல் தடுப்பூசி, ஒன்பதாம் மாதத்தது போட்டாச்சா? காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்தால் விடியட்டும் என்று இருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு அப்பா டிக்கெட் போட்டுவிட்டார். டாக்டரைச் சனிக்கிழமை பார்க்கிற மாதிரி வைத்துக்கொள், நானும் கூட வருகிறேன்.

அம்மா